“சார், ஒரு நிமிஷம்”: நேரில் நன்கொடை கேட்பவர்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெட்ரோ நிலைய வாசலில், மாலின் தரைத்தளத்தில், ஐ.டி. பார்க்கின் உணவுக்கூடத்துக்குப் போகும் வழியில் டி-ஷர்ட்டும் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக இளைஞர்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்துக்கு மாதாமாதம் ஒரு தொகை தர முடியுமா என்று கேட்பார்கள். நான் சென்னையில் இரண்டு வருடம் அப்படி நின்றவன். அதற்குப் பிறகு ஒன்பது வருடமாக, அப்படி நிற்கப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். கல்யாண வீட்டுப் பந்தியிலும் ரயில் பயணத்திலும் என் வேலையைச் சொன்னதும் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். பாதி சந்தேகம், பாதி கோபம். இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த பதில்களை மறைக்காமல் இங்கே எழுதியிருக்கிறேன்.

இவர்கள் அந்தத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள்தானா?

சில சமயம் ஆம், பல சமயம் இல்லை. சில பெரிய நிறுவனங்கள் சொந்தமாகக் களக் குழு வைத்திருக்கின்றன. மற்றவை இந்த வேலையை ஏஜென்சிகளிடம் கொடுத்துவிடுகின்றன. ஏஜென்சியில் இருப்பவர் இந்த மாதம் குழந்தைகளின் படிப்புக்காக நிற்பார். அடுத்த மாதம் வேறொரு நிறுவனத்தின் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு முதியோருக்காக நிற்பார். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் கேட்டால் மறைக்கக் கூடாது. “நீங்க நேரடியா அங்க வேலை பார்க்கறீங்களா, ஏஜென்சியா?” என்று தாராளமாகக் கேளுங்கள். நேர்மையான ஆள் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்.

இவர்களைத் தவிர, சம்பளம் வாங்காத தன்னார்வலர்களும் உண்டு. கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள், அமைப்பை நடத்துகிறவர்களின் சொந்தக்காரர்கள். சிறிய அமைப்புகளுக்கு இவர்கள்தான் கை கால் எல்லாம்.

இது வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம்தானே? நம் ஊரில் இப்படி யார் கேட்டார்கள்?

டேப்லெட்டும் வங்கி ஆணையும் புதியவை. கேட்பது பழையது. ஆடி மாதம் கூழ் ஊற்ற ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக வருகிறவர்கள் செய்வதும் இதுதான். பள்ளியில் படித்தபோது டிசம்பர் 7 அன்று சட்டையில் ஒரு சின்னக் கொடியைக் குத்திக்கொண்டு உண்டியலில் காசு போட்டிருப்பீர்களே, அந்தக் கொடிநாள் 1949-லிருந்து நடக்கிறது. 1921-ல் காங்கிரஸ் திலகர் சுயராஜ்ய நிதிக்கு ஒரு கோடி ரூபாய் என்று இலக்கு வைத்து, ஜூன் மாத முடிவுக்குள் திரட்டியும் காட்டியது. தொலைக்காட்சியோ போனோ இல்லாத காலத்தில், ஆள் ஆளைப் பார்த்துக் கேட்டுச் சேர்ந்த பணம் அது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியதும் பொதுமக்களிடம் திரட்டிய நிதியை நம்பித்தான்.

மாதாந்திர நன்கொடையும் நமக்குப் புதிதில்லை. பிடி அரிசி என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தினமும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். வாரம் ஒருமுறை யாராவது வந்து வாங்கிப் போவார்கள். ஒரு பிடி குறைந்ததால் வீட்டில் யாரும் பசியோடு இருந்ததில்லை. ஐம்பது வீட்டுப் பிடி சேர்ந்தால் ஓர் அன்னதானமே நடந்துவிடும். இன்றைக்கு ஆட்டோ டெபிட் செய்வது அந்தப் பானையின் வேலைதான்.

இப்போது தெருவில் பார்க்கிற வடிவம், அதாவது பயிற்சி பெற்றவர் நின்று பேசி வங்கி வழியாக மாதாமாதம் வருமாறு பதிவு செய்வது, 1990-களின் நடுவில் ஆஸ்திரியாவில் கிரீன்பீஸ் அமைப்புக்காகத் தொடங்கி, ஐரோப்பா முழுக்கப் பரவிப் பிறகு இந்தியாவுக்கு வந்தது.

இணையத்தில் விளம்பரம் போட்டுவிட்டுப் போகலாமே. வழியில் நிறுத்திக் கேட்பானேன்?

இந்தக் கேள்விக்கு நான் ஒரு காது மெஷினை வைத்துத்தான் பதில் சொல்வேன்.

நான் களத்தில் இருந்த முதல் வருடம். காது கேளாத குழந்தைகளுக்கு உதவும் ஒரு அமைப்புக்காகத் தாம்பரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு அம்மா நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். மாதம் இவ்வளவு தந்தால் இத்தனை குழந்தைகளுக்குக் காது மெஷின் என்று மனப்பாடமாக ஒப்பித்தேன். முடித்ததும் அவர் கேட்டார்: “பேட்டரி யார் வாங்கித் தருவா தம்பி?”

எனக்குப் புரியவில்லை. அவர் பையைத் திறந்து ஒரு சின்ன அட்டையை எடுத்துக் காட்டினார். வட்டமாக ஆறு பேட்டரி, ஒவ்வொன்றின் மேலும் நீல நிற ஸ்டிக்கர். அவர் மகனுடைய மெஷினுக்கானது. “இந்த ஸ்டிக்கரை உரிச்சா அன்னையிலேர்ந்தே ஓட ஆரம்பிச்சிடும். மெஷினைக் கழட்டி வெச்சாலும் தீர்ந்துக்கிட்டேதான் இருக்கும். ரெண்டு வாரம்கூட வராது. மெஷினைக் கொடுத்துட்டுப் போயிட்டா, ரெண்டு மாசத்துல அது டப்பாவுக்குள்ள போயிடும்” என்றார். என்னிடம் பதில் இல்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று நம்பரை வாங்கிக்கொண்டேன்.

அலுவலகத்தில் கேட்டால் அங்கேயும் பதில் இல்லை. மெஷினுக்கு நிதி ஒதுக்கியிருந்தார்கள், பேட்டரிக்கு ஒதுக்கவில்லை. மெஷின் வாங்கிய குடும்பங்களுக்குப் போன் போட்டு விசாரித்தபோது, அந்த அம்மா சொன்னதுதான் பல வீட்டில் நடந்திருந்தது. அடுத்த வருடத் திட்டத்தில் பேட்டரிக்குத் தனியாகப் பணம் சேர்ந்தது. அவருக்குப் போன் செய்து சொன்னேன். அதன் பிறகுதான் அவர் பதிவு செய்தார், மாதம் 200 ரூபாய்.

இணைய விளம்பரத்தால் அந்தக் கேள்வியைக் காதில் வாங்க முடியாது. விளம்பரத்தைப் பார்க்கிறவர் ஒன்று பணம் போடுவார், இல்லையென்றால் தள்ளிவிட்டுப் போவார். நேரில் நிற்கும்போது எதிரே இருப்பவர் திருப்பிக் கேட்கிறார், சந்தேகப்படுகிறார், தன் வீட்டுக் கதையைச் சொல்கிறார். அதில் பாதிக்கு மேல் நிறுவனத்துக்குத் தெரிந்தாக வேண்டிய விஷயங்கள். தொண்டு நிறுவனம் வெளி உலகத்தை நேராகப் பார்க்கிற ஜன்னல் என்று இந்தக் களக் குழுவைச் சொல்வேன். பல நிறுவனங்கள் அந்த ஜன்னலைத் திறப்பதே இல்லை, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் மாலையில் வாங்கிக்கொள்கின்றன. எனக்கு இந்தத் துறைமேல் உள்ள பெரிய வருத்தம் இதுதான்.

நூறு ரூபாய் கொடுத்தால் வேண்டாம் என்கிறார்களே, ஏன்?

அவமரியாதைக்காக இல்லை. பெரும்பாலான களக் குழுக்களுக்கு ரொக்கம் வாங்க அனுமதியே கிடையாது. நாள் முழுக்கக் கையில் பணத்தோடு நிற்பது ஆபத்து; கணக்கிலும் குழப்பம் வரும், பிறகு பழியும் வரும். ரொக்கம் வாங்காத குழு ஒழுங்கான குழு என்று பெரும்பாலும் நம்பலாம்.

மாதாந்திரமாகக் கேட்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. ஒரு மாலை நேர வகுப்புக்கு ஆசிரியரை வேலைக்கு எடுத்தால் அவருக்கு மாதா மாதம் சம்பளம் கொடுத்தாக வேண்டும். தீபாவளிக்கு மொத்தமாக வந்த பணம் பங்குனியில் இருக்காது. 300 ரூபாய் தரும் நூறு பேர் இருந்தால், அடுத்த மாதம் 30,000 வரும் என்று நம்பி ஆளை எடுக்கலாம்.

வங்கிக் கணக்கு விவரத்தைத் தெருவில் நிற்கும் ஒருவரிடம் தரலாமா?

எதைத் தருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் காசோலையில் அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுக்கிற விஷயங்கள்தான். ஓ.டி.பி., யு.பி.ஐ. பின், கார்டின் பின்னால் உள்ள மூன்று இலக்க எண் ஆகியவற்றை எவரிடமும் சொல்லக் கூடாது. டேப்லெட்டில் ஓ.டி.பி. கேட்டால் டேப்லெட்டை உங்கள் கையில் வாங்கி நீங்களே அடியுங்கள். அதைவிட நல்லது, இணைப்பை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லி அங்கே முடிப்பது.

மாதாந்திரப் பிடித்தம் பொதுவாக இரண்டு வழியில் நடக்கிறது. ஒன்று, தேசியக் கொடுப்பனவுக் கழகம் நடத்தும் ‘நாச்’ ஆணை, அதாவது கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள வங்கிக்கு நீங்கள் தரும் அனுமதி. வீட்டுக் கடன் தவணை பிடிப்பதும் இதன் வழியாகத்தான். இன்னொன்று யு.பி.ஐ. ஆட்டோபே. இது 2020-ல் வந்தது. கார்டு, யு.பி.ஐ. வழியாகத் தானாகப் பிடிக்கப்படும் தொகைக்கு, பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

நாச் ஆணையில் யாரும் பார்க்காத இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்று, அது நிலையான தொகையா, அதிகபட்சத் தொகையா என்பது. அதிகபட்சம் என்று குறித்து, மாதம் 500 தருகிறவரின் ஆணையில் 5,000 என்று எழுதியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பின்னால் தொகையைக் கூட்டுவதற்கு வசதி என்பார்கள். அந்த வசதி நிறுவனத்துக்கு, உங்களுக்கு இல்லை. நீங்கள் சொன்ன தொகையையே எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது, முடிவுத் தேதி. இரண்டு வருடம் போதும் என்றால் இரண்டு வருடம் என்றே போடச் சொல்லலாம். அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

அட்டையைப் பாருங்கள். ஆனால் அட்டையை மட்டும் நம்பாதீர்கள், ஐம்பது ரூபாய் கொடுத்தால் எந்தக் கடையிலும் அச்சடித்துக் கொடுப்பார்கள். நிறுவனத்தின் இணையதளத்தை நீங்களே தேடித் திறந்து, அதில் உள்ள எண்ணுக்குப் போன் செய்யுங்கள்: “இன்னைக்கு இந்த இடத்துல உங்க ஆளுங்க நிக்கறாங்களா?” அட்டையில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்வதால் பயனில்லை, அது போலி ஆளின் கூட்டாளியிடமே போகலாம். நன்கொடை தருகிறவருக்கு வரிச் சலுகை கிடைக்க வழி செய்யும் 80ஜி பதிவு இருக்கிறதா என்று வருமான வரித் துறையின் தளத்தில் பார்க்கலாம். நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பல தொண்டு நிறுவனங்களின் விவரம் இருக்கிறது. ஆனால் அங்கே பெயர் இருப்பதாலேயே நல்ல நிறுவனம் என்று முடிவு கட்டிவிட முடியாது.

ரயிலிலும் சிக்னலிலும் லேமினேட் செய்த ஒரு தாள் வரும். உடம்பில் குழாய்கள் பொருத்திய குழந்தையின் படம், ஒரு மருத்துவமனையின் கடிதம், கீழே ஒரு க்யூ.ஆர். கோடு. எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன். கடிதத்தின் தேதியைப் பாருங்கள். ஸ்கேன் செய்ததும் திரையில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். மருத்துவமனையின் பெயருக்கோ அறக்கட்டளையின் பெயருக்கோ பதில் யாரோ தனி நபரின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உண்மையிலேயே உதவ நினைத்தால் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் விசாரித்து, நோயாளியின் பெயரில் பில் கவுன்ட்டரிலேயே பணம் கட்டலாம்.

நிற்கிறவருக்குச் சம்பளமா, கமிஷனா?

பெரும்பாலும் மாதச் சம்பளமும் அதற்கு மேல் ஊக்கத்தொகையும். இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று டார்கெட் இருக்கும். சம்பளம் வாங்குவதில் எந்தக் குற்றமும் இல்லை. வெயிலில் எட்டு மணி நேரம் நிற்கிற வேலை அது, இலவசமாகச் செய்யச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

கமிஷன் மட்டும் என்றால் நான் எதிர்க்கிறேன். இரண்டு நாள் யாரும் சேரவில்லை என்றால் மூன்றாம் நாள் அந்தப் பையனுக்குச் சாப்பாட்டுக்கே வழியிருக்காது. அந்த நிலையில் இருப்பவரால் எதிரே இருப்பவர் ‘வேண்டாம்’ என்று சொல்வதைத் தாங்க முடியாது. அமெரிக்காவை மையமாகக் கொண்ட நிதி திரட்டுவோர் சங்கத்தின் ஒழுக்க விதிகளும், திரட்டிய தொகையில் இத்தனை சதவீதம் என்று கூலி வாங்குவதைத் தடுக்கின்றன.

நான் தரும் 500 ரூபாயில் எவ்வளவு போய்ச் சேரும்?

முதல் சில மாதங்களின் பணம், உங்களைச் சேர்க்க ஆன செலவை ஈடுகட்டத்தான் போகும். இதை நேராகச் சொல்ல நிறைய பேர் தயங்குகிறார்கள். சம்பளம், ஏஜென்சிக் கட்டணம், மாலுக்குக் கட்டும் இட வாடகை, பயிற்சி எல்லாம் சேர்த்து ஒரு நன்கொடையாளரைச் சேர்க்க 4,000 ரூபாய் ஆனது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 500 என்றால் எட்டு மாதம் அதற்கே போய்விடும். ஒன்பதாம் மாதத்திலிருந்து வருவதுதான் வேலைக்கு உதவும். மூன்று வருடம் தொடர்ந்தால் 18,000 வந்திருக்கும், அதில் 14,000 மிச்சம். மூன்றே மாதத்தில் நிறுத்தினால் நிறுவனத்துக்கு 2,500 நஷ்டம்.

ஆகவே பக்கத்தில் நிற்கும் பையனைப் பார்த்துப் பாவப்பட்டு, அடுத்த மாதம் நிறுத்திவிடலாம் என்ற நினைப்பில் கையெழுத்துப் போடாதீர்கள். அது யாருக்கும் உதவாது. பல நாடுகளில் இப்படித் தெருவில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஒரு வருடத்துக்குள் நின்றுவிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதலிலேயே மனமில்லாமல் சேர்ந்தவர்கள் என்பது என் அனுபவம்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி இது: “ஒருத்தரைச் சேர்க்க எவ்வளவு செலவாகுது? எத்தனை மாசத்துல அது திரும்பி வருது?” விவரம் வைத்திருக்கிற நிறுவனம் சொல்லும்.

வற்புறுத்தினால் என்ன செய்வது?

“வேண்டாங்க” என்று சொல்லிவிட்டு நடக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. காரணம் சொன்னால் அதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள், அதையும் நாங்கள்தான் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கிறோம். தொடர்ந்து பின்னால் வந்தால் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் குறித்துக்கொண்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். அந்த மின்னஞ்சல் நேராகப் பயிற்சி தருகிற என் போன்றவர்களிடம் வந்து சேரும்.

பிரிட்டனில் தெரு நிதி திரட்டலுக்கு விதிமுறை உண்டு. நடந்து போகிறவரை விடாமல் பின்தொடரக் கூடாது. கடை வாசல், ஏ.டி.எம்., நிலைய நுழைவாயில் போன்றவற்றுக்குப் பக்கத்தில் நிற்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. 2016-லிருந்து புகார் விசாரிக்கத் தனி ஒழுங்குமுறை அமைப்பும் இருக்கிறது. இந்தியாவில் இந்த வேலைக்கென்று அப்படி ஒரு தனி அமைப்பு இல்லை. ஆகவே கட்டுப்பாடு நிறுவனத்தின் மனசாட்சியைப் பொறுத்ததாக இருக்கிறது.

நானே தவறு செய்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மாதக் கடைசி. டார்கெட்டுக்கு இன்னும் இரண்டு பேர் குறைவு. பூங்காவில் நடைப்பயிற்சி முடித்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் பேசினேன். “பொண்ணுகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் தம்பி” என்று இரண்டு முறை சொன்னார். “சின்னத் தொகைதானே சார்” என்று நான் விடவில்லை. அப்போதெல்லாம் காகிதப் படிவம்தான். பேனாவை வாங்கி, கை நடுங்கக் கையெழுத்துப் போட்டார். மூன்று மாதம் கழித்து அவர் மகள் அலுவலகத்துக்குப் போன் செய்தார். கணக்கில் பணம் இல்லாமல் இரண்டு முறை பிடித்தம் திரும்பி, இரண்டு முறையும் வங்கி அபராதம் போட்டிருந்தது. ஆணையை ரத்து செய்து பணத்தைத் திருப்பினோம். அபராதத்தை நான் கட்டினேன். மன்னிப்புக் கேட்கப் போன் செய்தபோது பெரியவரே எடுத்தார். “என்னால தொடர முடியல, தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி” என்று அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

இன்றைக்கு நான் பயிற்சி தரும் குழுவில் யாராவது “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. ஒரு துண்டுத்தாளைக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். மறுக்க வழி விட்டுக் கேட்டால்தான் அது நன்கொடை கேட்பது. வழியை அடைத்துவிட்டுக் கேட்டால் அது வசூல்.

வரிச் சலுகை உண்டா?

நிறுவனத்துக்கு 80ஜி பதிவு இருந்து, நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால் உண்டு. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் கிடையாது. 2025-ல் வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, ஆனால் எல்லோரும் இன்னும் 80ஜி என்றுதான் சொல்கிறார்கள்.

“பாதிப் பணம் திரும்ப வந்துடும் சார்” என்று யாராவது சொன்னால் அது தவறு. பெரும்பாலான அறக்கட்டளைகளுக்கு, தந்த தொகையில் 50 சதவீதத்தை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. வருடம் 6,000 தந்தால் 3,000 கழியும். நீங்கள் 20 சதவீத வரி வரம்பில் இருந்தால் செஸ்ஸோடு சேர்த்து 624 ரூபாய் மிச்சம், அவ்வளவுதான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. சான்றிதழ் வர பான் எண் தர வேண்டும். நிதியாண்டு முடிந்த பிறகு நிறுவனமே அனுப்பும். வராவிட்டால் ஜூன் மாதம் கேட்டு வாங்குங்கள்.

“இந்தியக் குடிமகனா?” என்று ஏன் கேட்கிறார்கள்?

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் தருவது, அவர் தமிழராகவே இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க நிறுவனத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும், அதற்கென்று தனி வங்கிக் கணக்கும் வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவருக்கும் இதே கதைதான். துபாயில் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தந்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது.

நிறுத்த வேண்டுமென்றால்?

நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கூடவே வங்கியின் நெட் பேங்கிங்கிலோ கிளையிலோ ஆணையை ரத்து செய்யுங்கள். யு.பி.ஐ. என்றால் செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போனால் அங்கேயே நிறுத்திவிடலாம். கணக்கைக் காலியாக வைத்துவிட்டால் தானாக நின்றுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வங்கி சில நூறு ரூபாய் பிடிக்கும். நிறுத்துவதற்காகக் கூச்சப்படவும் வேண்டாம். வேலை போகும், வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வரும், நிறுவனங்களுக்கு இது தெரியும்.

நாங்கள் ஒரு சின்ன அமைப்பு. டேப்லெட், ஏஜென்சிக்கெல்லாம் வசதியில்லை. எப்படித் தொடங்குவது?

தெருவில் தொடங்காதீர்கள். உங்கள் வேலையை ஏற்கெனவே கண்ணால் பார்த்தவர்களிடம் தொடங்குங்கள். உங்களுக்கு அரிசி போடும் மளிகைக்கடைக்காரர், உங்கள் குழந்தைகளுக்கு ஊசி போடும் டாக்டர், எதிர் வீட்டுக்காரர். இவர்களிடம் நேரில் போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தால், முன்பின் தெரியாதவரிடம் கேட்பது அதைவிடக் கடினம்.

அடுத்தது அடுக்குமாடிக் குடியிருப்புகள். சங்கச் செயலாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒவ்வொரு கதவாகத் தட்டாமல், ஞாயிறு காலை கீழே ஒரு மேசை போட்டு உட்காருங்கள். வருகிறவர்கள் தாங்களாக வருவார்கள். பொது இடமென்றால் மாநகராட்சி, காவல் நிலையம், அந்த இடத்தின் நிர்வாகம் என்று யாரிடம் அனுமதி வாங்க வேண்டுமோ வாங்கி, அதன் நகலைக் கையோடு வைத்திருங்கள். காலை ஒன்பது மணிக்கு யாரும் நிற்க மாட்டார்கள். மாலை ஐந்துக்கு மேல் எட்டு வரை நல்ல நேரம்.

பேசப் போகிறவருக்கு மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: எத்தனை பேருக்கு உதவுகிறோம், வருடச் செலவு எவ்வளவு, இந்தப் பணம் குறிப்பாக எதற்கு. மற்ற எதைக் கேட்டாலும் “தெரியலைங்க, கேட்டுச் சொல்றேன்” என்பது நல்ல பதில். சொன்னபடி கேட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அழும் குழந்தையின் பெரிய படத்தை மேசையில் வைக்காதீர்கள். அந்தக் குழந்தை நாளைக்கு வளர்ந்து அந்தப் படத்தைப் பார்க்கும். அழவைத்து வாங்கிய பணம் அடுத்த மாதம் தொடராது என்பது என் அனுபவத்தில் தெரிந்த கணக்கு.

ரொக்கம் வாங்குவதென்றால் ரசீதுப் புத்தகம் வரிசை எண்ணோடு அச்சடித்ததாக இருக்கட்டும். எந்தப் புத்தகம் யாரிடம் போனது என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கெட்டுப்போன ரசீதைக் கிழித்துப் போடாமல், குறுக்கே கோடு போட்டுப் புத்தகத்திலேயே விடுங்கள். உண்டியலென்றால் வாயில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, தேதியோடு இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு முத்திரை வையுங்கள். வசூலித்தவர் தனியாக உண்டியலைத் திறக்கக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, ஐநூறு எத்தனை, இருநூறு எத்தனை, சில்லறை எவ்வளவு என்று எழுதி, மறுநாளே வங்கியில் போட்டுவிடுங்கள். உங்கள் ஆட்கள்மேல் நம்பிக்கை இல்லாததால் இதைச் சொல்லவில்லை. நாளைக்கு யாராவது வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னால் அவர்களைக் காப்பாற்ற இந்தத் தாள்தான் இருக்கும்.

பணம் தந்தவருக்கு ஒரு வாரத்துக்குள் போன் செய்து நன்றி சொல்லுங்கள். மறுபடியும் கேட்பதற்கு முன்னால், போன முறை தந்த பணத்தில் என்ன செய்தோம் என்பதைச் சொல்லுங்கள். ஒரு படம், நான்கு வரி போதும்.

என் மகன் இந்த வேலைக்குச் சேரலாமா என்கிறான். அனுப்பலாமா?

நிலையான சம்பளம் உண்டா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். டார்கெட் முடியாத மாதம் சம்பளத்தில் பிடிப்பார்களா என்றும் கேட்க வேண்டும். பிடிப்போம் என்றால் வேறு இடம் பார்க்கட்டும்.

சரி, சேர்ந்தால் எப்படி இருக்கும்? முதல் நாள் நூறு பேர் அவனைத் தாண்டிப் போவார்கள். பாதிப் பேர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள், மறுமுனையில் யாரும் இருக்க மாட்டார்கள். மூன்றாம் நாள் குரல் கட்டும். வெந்நீர் ஃபிளாஸ்க் ஒன்று கொடுத்தனுப்புங்கள், தடிமனான அடியுள்ள ஷூவும் வாங்கிக் கொடுங்கள். முதல் வாரம் முடிவதற்குள் பாதி ஆட்கள் நின்றுவிடுவார்கள். தாக்குப்பிடிக்கிறவர்கள் அதிகம் பேசுகிறவர்களாக இருப்பார்கள் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். என் குழுவில் ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்களில் நான்கு பேர் வாய் அதிகம் திறக்காதவர்கள். ஒரு பெண் துண்டுத்தாளை நீட்டிவிட்டு, எதிரே இருப்பவர் படித்து முடிக்கும் வரை பேசாமல் நிற்பார். நிறைய பேர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். அவரிடம் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மூன்றாவது வருடமாகத் தந்துகொண்டிருக்கிறார்கள்.